இரண்டு வருஷம் ஏழு மாதத்துக்கு ஒரு சர்டிபிகேட்

கம்ப்யூட்டரில் என்னுடைய பயோடேட்டாவைத் திறந்து பார்த்தேன். அதில் எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஃபோட்டோவில் தலைமுடி நல்ல கறுப்பு. 'தற்போது பணிபுரியும் இடம்' என்ற வரிக்கு எதிரே ஒரு அனல்மின் நிலையத்தின் பெயர் இருந்தது. அந்த இடத்தை விட்டு நான் ஓடி வந்து இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகியிருந்தது. அட, எவ்வளவு சவுக்கியமான மனுஷன் என்று அந்த ஐம்பத்தொரு வயசுக்காரன்மேல் எனக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

என் தொழில் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெல்டிங் இன்ஸ்பெக்டர். நானாக எதையும் பற்றவைக்க மாட்டேன். அடுத்தவன் பற்றவைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. என் சுபாவத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது என்று என் மனைவி சொல்வாள். மின் நிலையங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை கொதிகலனை நிறுத்தி, உள்ளே இறங்கி, தேய்ந்துபோன குழாய்களை வெட்டிவிட்டுப் புதுசு வைப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். நாற்பது, ஐம்பது நாள் வேலை. ஏஜென்சி மூலமாகக் கான்ட்ராக்டில் ஆள் எடுப்பார்கள். வேலை முடிந்ததும் ஒரு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்து, போய் வா என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஷட்டவுனுக்கு மறுபடியும் பயோடேட்டா அனுப்ப வேண்டும். நிரந்தர வேலைக்காரன் வாழ்நாளில் இரண்டு தடவை பயோடேட்டா எழுதினால் அதிகம். நாங்கள் வருஷா வருஷம் எழுதுவோம். திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு அலமாரியில் ஒரு பயோடேட்டா ஃபைல் இருக்கும்.

'எழுதுவோம்' என்று பெரிய இவன் மாதிரி சொல்கிறேனே தவிர, என் பயோடேட்டாவை நான் எழுதியதே இல்லை. இருபத்து நாலு வருஷமும் எழுதியவள் என் மனைவி. ஒரு ஸ்கூல் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள். டி.சி., கான்டக்ட் சர்டிபிகேட் என்று ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய கை அது. நான் வேலை முடிந்து ஊருக்கு வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்தால், எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள், எத்தனை நாள் என்று மூன்றே கேள்வி கேட்பாள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் அது இங்கிலீஷில், கட்டம் போட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்து நிற்கும். நாம் செய்த வேலை இவ்வளவு கௌரவமானதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவளுக்குத்தான் பக்கவாதம் வந்தது. மத்தியானம் ஸ்கூலில் டிஃபன் பாக்ஸைத் திறக்கப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். வலது கை, வலது கால், பேச்சு என்று மூன்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பேச்சு என்றால், குரல் இருந்தது. வார்த்தை இல்லை. சாவி என்று சொல்ல நினைப்பாள், வாயில் 'ஸ்பூன்' என்று வரும். தப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்து அழுவாள். நான் ஷட்டவுனிலிருந்து அன்று சாயந்திரமே கேட் பாஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். பையன் பூனாவிலிருந்து வந்தான், இருந்தான், லீவு தீர்ந்ததும் போனான். அவன்மேல் தப்பில்லை, நான்தான் போடா என்றேன். அதற்கப்புறம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டின எங்கள் வீட்டில் நானும் அவளும்தான்.

இந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம் ஏஜென்சியிலிருந்து கோஆர்டினேட்டர் போன் பண்ணினார். ஆந்திராவில் ஒரு மின் நிலையம், நாற்பத்தைந்து நாள் ஷட்டவுன், அனுபவம் உள்ள ஆளாக வேண்டும் என்கிறார்கள், மூன்று நாளில் பயோடேட்டாவை அப்டேட் பண்ணி அனுப்புங்கள் என்றார். நான் இழுத்தேன். அவர் நல்ல மனுஷன், ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவர். "சார், இதையும் விட்டீங்கன்னா கேப் மூணு வருஷம் ஆயிடும். உங்க வயசுக்கு, மூணு வருஷம் கேப்புன்னா எவனும் ஃபைலைத் திறக்க மாட்டான். அப்புறம் நான் கூப்பிட மாட்டேன், நீங்களும் கோவிச்சுக்கக் கூடாது," என்றார். எனக்கு சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இது போனால் என் தொழில் அதோடு சரி.

அதற்குள் அவள் தேறியிருந்தாள். கைத்தடியை ஊன்றி வீட்டுக்குள் நடப்பாள். இடது கையால் காப்பி கலப்பாள். நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசுவாள், நடுவில் ஒன்று சிக்கிக்கொண்டால் கண்ணை மூடித் தேடுவாள். அவள் தங்கை ஜீயபுரத்தில் இருக்கிறாள், நான் வந்து இருக்கிறேன் மாமா, நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டாள். எல்லாரையும்விட அதிகமாகக் கிளம்பச் சொன்னது என் மனைவிதான். போங்க, போங்க என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. என் தொழிலைத் தான் கெடுத்துவிட்டதாக அவளுக்கு ஒரு எண்ணம். சாப்பிட உட்கார்ந்தால், திடீரென்று "என்னால" என்பாள். அதற்கு மேல் வராது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று மேலூர் ரோட்டில் ஒரு டி.டி.பி. கடைக்குப் போனேன். ஆதார் திருத்தம், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே ஆளாகச் செய்கிற அம்மா. என் ஃபைலைத் திறந்தார், வயதை மாற்றினார், ஃபோட்டோவை மாற்றினார். புது ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, பழசே இருக்கட்டுமா சார் என்று மரியாதையாகக் கேட்டார். அப்புறம் வேலை விவரம் போட்டிருந்த கட்டத்துக்கு வந்தார். கம்பெனி, டெசிக்னேஷன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சர்டிபிகேட் உண்டா இல்லையா. இருபத்து மூன்று வரிசை ஒழுங்காக நிரம்பியிருந்தது. இருபத்து நாலாவது காலி. இதுல என்ன சார் போடணும் என்றார்.

என் பின்னால் ஜெராக்ஸுக்காக ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். கொதிகலனுக்குள் தொங்குகிற சாரத்தில் ஏறி இறங்கி, இன்ஜினியர்களையே விரட்டியவன், பொண்டாட்டிக்குத் தலை பின்னிவிட்டேன் என்று கடையில் எப்படிச் சொல்வேன்? வெளியே வந்து கோஆர்டினேட்டருக்குப் போன் போட்டேன். அவர் ஒரே நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டார். ஃப்ரீலான்ஸ் இன்ஸ்பெக்டர் என்று போடுங்கள், தெரிந்த ஒர்க்ஷாப்பில் ஒரு லெட்டர் வாங்கி வையுங்கள், எல்லாரும் பண்ணுகிறதுதான் என்றார். துவாக்குடியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற பழைய சிநேகிதனைக் கூப்பிட்டேன். இதுக்கா இவ்வளவு தயங்குறே, சீல் குத்தித் தர்றேன் வா என்றான். இருபத்து நாலாவது வரிசை ஜம்மென்று நிரம்பிவிட்டது. ஏதோ சாதித்த மாதிரி, வழியில் அவளுக்குப் பிடித்த வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவள் பார்க்காமல் எந்த பயோடேட்டாவும் வெளியே போகாது. அன்றைக்கும் கையை நீட்டினாள். கொடுத்தேன். படிக்கிறதில் அவளுக்குப் பெரிய தகராறு இல்லை, சொல்வதில்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். இருபத்து நாலாவது வரியில் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். அப்புறம் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எல்லா பயோடேட்டாவிலும் கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்குமே, மேலே சொன்ன விவரங்கள் யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று, அதன்மேல் விரலை வைத்துக் குத்தினாள். இரண்டு தடவை. மூன்று தடவை. நான் பஜ்ஜியைத் தட்டில் வைத்துக்கொண்டே, அதெல்லாம் ஒரு சம்பிரதாயம், யாரும் படிக்க மாட்டான் என்றேன்.

"பொய்," என்றாள். தெளிவாக வந்தது.

எனக்கு வந்ததே கோபம். நான் கோபக்காரன், அதை மறைப்பதற்கில்லை. இரண்டு வருஷம் ஏழு மாதமாக அவளிடம் காட்டக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி வெளியே வந்துவிட்டது. "பின்ன என்ன எழுதச் சொல்றே? வேலை வெட்டி இல்லாம வீட்ல சும்மா கிடந்தேன்னு எழுதட்டுமா?" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் பேப்பரை மெதுவாக மடித்து வைத்தாள். கைத்தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சும்மா கிடந்தேன் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேனே. யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு? அவளுக்குப் போன வார்த்தையில் ஒன்று எனக்குப் போயிருக்கக் கூடாதா?

உள்ளே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். ஒரு கையில் தடி. இன்னொரு கைக்குத்தான் பிடிமானம் கிடையாதே, அதனால் நோட்டுப் புத்தகங்களைக் கழுத்துக்கும் மோவாய்க்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். மேஜைமேல் தலையைக் குனிந்து பொத்தென்று விட்டாள். மொத்தம் அஞ்சு நோட்டு. அத்தனையும் என் கையெழுத்து.

அந்த நோட்டு என்னவென்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தில்லைநகரில் பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தினமும் பத்து வார்த்தை வீட்டில் சொல்ல வைக்கச் சொல்வார்கள். ஜன்னல், தண்ணி, சீப்பு, இப்படி. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். வெல்டிங்கில் ஒவ்வொரு இணைப்புக்கும் நம்பர் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, சரியாக இருந்தால் ஓகே என்று எழுதுவோம். குறை இருந்தால் ஆர் ஒன்று. ரிப்பேர் பண்ணி மறுபடியும் குறை இருந்தால் ஆர் இரண்டு. அதற்கப்புறமும் தேறாவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஒட்டச் சொல்வோம். நானும் அவள் வார்த்தைகளுக்கு அதே மாதிரி வரிசை நம்பர் போட்டு, தேதி போட்டு, ஓகே, ஆர் ஒன்று, ஆர் இரண்டு என்று எழுதினேன். என்ன சாப்பிட்டாள், எத்தனை அடி நடந்தாள், எத்தனை மணிக்கு மாத்திரை, எல்லாம் அதில் இருக்கும். 'சீப்பு' மட்டும் நாற்பத்து நாலு நாள் ஆர் இரண்டிலேயே நின்றது. வெட்டி எறி என்று நான் ஒரு வார்த்தைக்கும் எழுதவில்லை.

அவள் மேல் நோட்டைத் திறந்து, ஒரு பக்கத்தைத் தட்டினாள். அப்புறம் பயோடேட்டாவில் அந்த இருபத்து நாலாவது கட்டத்தைத் தட்டினாள். அவ்வளவுதான். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. ரெண்டு பேரும் ஆறின பஜ்ஜியைத் தின்றோம். நான் சாரி சொன்னேன். அவள் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். பிறகு எப்போதும் போல எனக்கு இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வருகிற அளவுக்கு நேரம் ஆனது. பக்கவாதம் வந்த மனைவியை முழுநேரமும் பராமரித்தேன், தினசரிப் பதிவேடு வைத்திருக்கிறேன் என்பதுதான் அந்த வரி.

மறுநாள் டி.டி.பி. கடையில் அதைக் கொடுத்தேன். அந்த அம்மா படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். டெசிக்னேஷன் கட்டத்தில் ஒரு கோடு போட்டுடறேன் சார் என்றார். சரி என்றேன். துவாக்குடி சிநேகிதனிடம் லெட்டர் வேண்டாம் என்று சொன்னபோது, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு என்றான். கோஆர்டினேட்டர் அதைவிட மோசம். பயோடேட்டாவில் குடும்பக் கதையெல்லாம் எழுதினால் க்ளையன்ட் சிரிப்பான் சார் என்று தலையில் அடித்துக்கொண்டார். போனில் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், சத்தம் கேட்டது. இருந்தாலும் அனுப்பிவிட்டார்.

நாலாம் நாள் அந்த மின் நிலையத்து இன்ஜினியர் போனில் இன்டர்வியூ எடுத்தார். வேலையைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் குடைந்தார். அதில் எனக்குப் பயமில்லை. கடைசியாக அந்தக் கட்டத்துக்கு வந்தார். பதிவேடு என்றால் என்ன பதிவேடு என்று கேட்டார். என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். ஆர் ஒன்று, ஆர் இரண்டு என்றதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, இதே பாஷைக்காரர்தானே. எத்தனை வார்த்தை ரிப்பேரில் பாக்கி இருக்கிறது என்று கேட்டார். முப்பத்தாறு சார் என்றேன். சரி, பேப்பர்களை அனுப்பச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு என்றதும் என் தொடையில் கிள்ளினாள், வலிக்கிற மாதிரியே.

வேலை கிடைத்த மாதிரிதான். ஆனால் அங்கே பேப்பர் பார்க்கிற பிரிவு தனி. கட்டத்தில் எத்தனை வரிசை இருக்கிறதோ அத்தனைக்கும் சர்டிபிகேட் இருந்தாக வேண்டுமாம், விதி அப்படி. இருபத்து நாலாவதுக்கும் ஒரு பேப்பர் வேண்டும் என்றார் கோஆர்டினேட்டர். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர் போதுமா என்று கேட்டேன். அதையும் வையுங்கள், கூட ஏதாவது லெட்டர் இருந்தால் நல்லது என்றவர், தானே சிரித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மாகிட்டயே ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துடுங்க சார்," என்றார். நானும் சிரித்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவளிடமும் சொன்னேன், சிரிக்கட்டுமே என்று.

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடி வார்த்தையைத் தேடினாள். "ஃபார்மட்," என்றாள்.

என் கடைசி கம்பெனி கொடுத்த சர்டிபிகேட்டை எடுத்து வைக்கச் சொன்னாள். அதைப் பார்த்துப் பார்த்து, இரண்டு நாள் காலையில், இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே கம்ப்யூட்டரில் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தால் திரையைக் கையால் மறைத்தாள். விளையாட்டுக்குச் செய்கிறாள், போகட்டும், விரலுக்கும் பயிற்சி என்று நானும் விட்டுவிட்டேன். பிரிண்ட் எடுத்தது எப்போது, என் ஃபைலில் செருகியது எப்போது, எதுவும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை டி.டி.பி. கடையில் ஃபைலை அப்படியே கொடுத்தேன். அந்த அம்மா ஒவ்வொரு தாளாக ஸ்கேன் பண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இதில் கையெழுத்து இல்லையே சார், சேர்க்கவா வேண்டாமா என்றார். வாங்கிப் பார்த்தேன்.

சுத்தமான ஆபீஸ் பாஷை. இன்னார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எங்களிடம் பணிபுரிந்தார் என்று சான்றளிக்கப்படுகிறது. டெசிக்னேஷன், கணவர். பணி விவரம், குளிப்பாட்டுதல், தலை பின்னுதல், நடக்க வைத்தல், பேச வைத்தல். சமையல் என்பதற்கு எதிரில் 'முன்னேற்றம் உண்டு' என்று இருந்தது. எல்லா சர்டிபிகேட்டிலும் நடத்தை நன்று என்று போட்டிருக்குமே, அந்த இடத்தில் 'கோபம், ஆர் இரண்டு. மற்றவை ஓகே' என்று அடித்திருந்தாள். நான் கடையில் நின்றபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. கடைக்கார அம்மா முகத்தைத் திருப்பி ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்புறம் கடைசி வரியைப் பார்த்தேன். வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார், மேன்மேலும் வளர வாழ்த்துகிறோம் என்றுதான் எல்லாக் கம்பெனியும் அந்த இடத்தில் எழுதும். என் கடைசி சர்டிபிகேட்டிலும் அதுதான் இருந்தது. அவள் அதை அப்படியே எடுக்காமல் வேறு அடித்திருந்தாள். விடுவிக்கப்படவில்லை. லீவு மட்டும். நாற்பது நாள்.

வேலை நாற்பத்தைந்து நாள். நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எண்கள் அவளுக்கு இன்னும் தடுமாறும், அதனால் தப்பாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். கையெழுத்தும் வாங்க வேண்டுமே, தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ரோட்டில் காவேரிக்குக் குளிக்கப் போகிற கூட்டம். யாரையும் பார்க்கவில்லை நான்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாளை மேஜையில் வைத்து, நாற்பத்தஞ்சு இல்லையா, நாற்பதுன்னு விழுந்திருக்கு பார் என்றேன். பேனாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நாப்பது," என்றாள். தேடவே இல்லை, முதல் தடவையிலேயே வந்தது.

நாற்பத்தஞ்சு நாள் வேலைம்மா, நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்றேன். தலையை ஆட்டினாள். கண்ணை மூடினாள். நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. "அதுக்கு மேல... பயமா இருக்கு," என்றாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

போன் வந்த நாளிலிருந்து போங்க போங்க என்று என்னைத் துரத்தியவள் இவள். தங்கை வருவாள், எனக்கு என்ன குறை என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னவள். நானும் அதை நம்பிக்கொண்டு, நான் இல்லாமல் இருந்துவிட இவளுக்கு என்ன தைரியம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன், மடையன். அடுத்தவன் பற்றவைப்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று எண்ணிப் பார்க்கத் தெரியவில்லை. அவள் எண்ணி வைத்திருக்கிறாள்.

அவள் முன்னாலேயே கோஆர்டினேட்டருக்குப் போன் போட்டேன். நாற்பது நாள்தான் இருப்பேன், கடைசி அஞ்சு நாளுக்கு வேறு ஆளைப் போட முடிந்தால் வருகிறேன், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றேன். கேப் மூன்று வருஷம் ஆகட்டும் என்றும் சொன்னேன். அவர் இருங்க சார் என்று இன்னொரு போனில் யாரிடமோ பேசினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, சரி சார், கடைசி அஞ்சு நாள் வேற ஆள் பார்த்துக்குவாங்க, பேப்பரை மத்தியானத்துக்குள்ள அனுப்பிடுங்க என்றார்.

அவள் பேனாவை இடது கையில் வாங்கினாள். பேங்கில் இந்த இரண்டு வருஷமும் பெருவிரலைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். தாள் நகராமல் நான் மூலையைப் பிடித்துக்கொண்டேன். எழுத்து எழுத்தாக, முழுப் பெயரையும் போட்டாள். கோணல்தான். ஆனால் ஒரு எழுத்தும் விடுபடவில்லை.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு நடந்தேன். ஃபைலில் அதற்கு முன்னால் இருபத்து மூன்று சர்டிபிகேட் இருந்தது. எல்லாம் பெரிய பெரிய கம்பெனி, நல்ல காகிதம், உருண்டை சீல். எல்லாவற்றிலும் என்னை நன்றாகப் போய் வாழச் சொல்லித்தான் எழுதியிருந்தது. திரும்பி வரச் சொல்லி எழுதியது இது ஒன்றுதான்.